சங்கரிக்கு ஒரு பேனர்

தெருமுனையில் மின்கம்பத்துக்கும் புளியமரத்துக்கும் நடுவே துரை கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். பேனர் ஒரு தடவை காற்றில் உப்பி, அடங்கி, விறைத்து நின்றது. பந்தலிலிருந்து எழுந்து வந்த ஆனந்தன் அண்ணாந்து பார்த்தான். கண்ணீர் அஞ்சலி என்ற பெரிய எழுத்துக்குக் கீழே அவன் பெண்டாட்டி சங்கரி அரக்குப் பட்டுச்சேலை உடுத்தி, கழுத்தில் காசுமாலையும் இடுப்பில் ஒட்டியாணமுமாகக் கைகூப்பி நின்றாள்.

முகம் என்னவோ சங்கரியுடையதுதான். ஆதார் அட்டையில் முறைத்துக்கொண்டிருக்கும் அதே முகம். கழுத்துக்குக் கீழே இருந்தது யாரோ.

"எப்டி கீது மாமா? அக்கா மகாராணி மாரி இல்ல?" என்றான் துரை.

துரை சங்கரியின் கூடப்பிறந்த தம்பி. நேற்று விடிகாலை வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றோடு அப்படியே சாய்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு அச்சரப்பாக்கத்திலிருந்து ஓடி வந்தவன், அதன்பிறகு ஓர் இடத்தில் உட்காரவில்லை. ஐஸ் பெட்டி, பந்தல், மேளம் எல்லாம் அவன் ஏற்பாடு. அவனை ஒரு சொல் சொல்ல ஆனந்தனுக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டான்.

"யாரு கை மச்சான் இது?"

"இன்னா மாமா?"

"இந்தக் கை. இது யாருது?"

வெள்ளைவெளேரென்று, நகத்தில் பாலிஷ் போட்ட கை. சங்கரியின் வலது கட்டைவிரலில் கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறியிருக்கும்.

அந்தக் காய்ப்புக்கு ஒரு கதை உண்டு. ஊரில் மற்ற பெண்கள் சாப்பிட்ட கையோடு சீரியல் முன்னால் உட்காரும் நேரத்தில், சங்கரி கத்தரிக்கோலும் மைதாப் பசையுமாகத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். குடும்பத்துப் போட்டோக்கள், கல்யாணப் பத்திரிகை, ரவிக்கைத் துணியின் ஜரிகை ஓரம், மாமல்லபுரத்து டிக்கெட், மகள் கீர்த்தனா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டை என்று அகப்பட்டதையெல்லாம் காலண்டர் அட்டையில் அடுக்கி ஒட்டி, நூல் கோத்து ஆல்பமாக்கிவிடுவாள். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் கொஞ்சம் வேப்பெண்ணெய். ஆனந்தனின் அப்பா பேத்தி பிறக்கும் முன்பே போய்ச்சேர்ந்தவர். சங்கரியின் ஆல்பத்திலோ அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கீர்த்தனா அவர் மடியில் பல்லில்லாமல் சிரிப்பாள். அதைப் பார்த்துவிட்டு ஆனந்தனின் அம்மா சாகும்வரை மருமகளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

இத்தனை வெட்டினாலும் ஓர் ஆளைக்கூட அவள் அரைகுறையாக வெட்டியதில்லை. பின்னலின் நுனி, செருப்பின் வார், வளையல் வரைக்கும் வளைந்து வளைந்து கத்தரிப்பாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கீர்த்தனா ஒருமுறை தன் முகத்தை மட்டும் இதய வடிவில் வெட்டி ஒட்டிவிட்டாள். அன்றைக்கு வீடே ரெண்டுபட்டது. "கழுத்தோட வெட்டிப் போட அது இன்னா மனுசியா, கோழியா?" என்று சங்கரி ஒரு வாரம் புலம்பினாள்.

பசை காய்வதற்கு அவள் கண்டுபிடித்த வழி ஆனந்தனின் முதுகு. ஒட்டி முடித்த ஆல்பத்தைக் கட்டில் மெத்தைக்கு அடியில் அவன் படுக்கும் பக்கமாகச் செருகிவிடுவாள். "இந்த வூட்ல நீதான்யா வெயிட்டு. பொரளாம படு" என்பாள். முதுகு வலிக்கிறது என்று அவன் திட்டாத நாளில்லை. விருந்தாளி யாராவது ஆல்பத்தைப் புரட்டி, அடேயப்பா, ஒரு சுருக்கம் இல்லையே என்று வாய்பிளந்தால் மட்டும், "அழுத்திக் காய வெச்சது யாருன்ற?" என்று மீசையைத் தடவிக்கொள்வான். தன் பெண்டாட்டி மாதிரி ஒருத்தி இந்தத் தாலுகாவிலேயே கிடையாது என்பது அவனுடைய நினைப்பு.

"கடக்காரன் வெச்சிக்கிற ஒடம்பு மாமா. மூஞ்சி அனுப்புனா போதும், மீதிய அவன் போட்டுக் குடுத்துடுவான்" என்றான் துரை.

அப்போதுதான் கீர்த்தனா வந்து நின்றாள். பொத்தேரியில் வேலை பார்க்கிறவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் பேனரைப் பார்க்கவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் கை நீட்டினாள்.

"மாமா, அங்க பாரு" என்றாள் துரையிடம்.

எதிரே சதாசிவம் வீட்டு வைக்கோல் போரை மழைக்காக ஒரு பழைய பேனரால் மூடியிருந்தார்கள். அது போன மாதம் இறந்துபோன ஜோதிலட்சுமியின் பேனர். அதே அரக்குப் பட்டு. அதே காசுமாலை. அதே பாலிஷ் போட்ட கை.

பந்தலில் ஒப்பாரி ஏறி இறங்கியது.

துரையின் முகம் சுருங்கிவிட்டது. "உசுரோட இருக்கச்சொல்ல நான் அக்காவுக்கு ஒரு பட்டுப்பொடவ எடுத்துத் தந்ததில்ல மாமா. பேனர்லயாச்சும் கட்டிக்கட்டுமேன்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, பாதி கட்டிய கயிற்றைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ஆனந்தன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். கோபம் இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் சங்கரி இன்னொருத்தி உடம்போடு ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பது மட்டும் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மூன்று மணிக்கு எடுக்க வேண்டும். ஊர் ஜனம் முழுக்க இந்த முனையைத் தாண்டித்தான் போகும்.

"கீர்த்தனா, முட்டுக்காடு போட்டோ கீது பாரு, அத எடுத்துகினு வா."

கீர்த்தனா ஆல்பத்தோடு வந்தாள். துரை அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இதுவா? லைஃப் ஜாக்கெட் போட்டுகினு கீது மாமா! சாவு பேனர்ல இத வெச்சா ஊரே சிரிக்கும்."

ஆனந்தன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். யார் யாரையோ ஈசிஆர் ரோட்டில் ஏற்றி இறக்கியவன், சங்கரியைக் கூட்டிப்போனது ஒரே ஒரு தடவை, ஒரு சவாரி கடைசி நேரத்தில் ரத்தானபோது. முட்டுக்காடு படகுத்துறையில் பச்சைச் சேலைக்கு மேலே ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "தலையில இருந்து காலு வரைக்கும் வுழணும், கொறச்சிடாத" என்று அவனை அதட்டிய நேரத்தில் படகு ஆட, பயத்திலும் சந்தோஷத்திலும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தப் போட்டோவை மட்டும் அவள் வெட்டவில்லை. தண்ணியும் இருக்கட்டும் என்று முழுசாக ஒட்டிவிட்டாள்.

"அவ போட்டுகினதுலயே அவளுக்கு ரொம்ப புடிச்சது அதான் மச்சான்" என்றான் ஆனந்தன். "கழட்ட மாட்டேன்னுட்டா. அப்டியே வேன் வரைக்கும் நடந்து வந்துட்டா. போட்டுக்காரன் பின்னாலயே ஓடியாந்தான்."

துரைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு போட்டோவையே பார்த்தான். "கால் வெரல்ல மிஞ்சி கூட தெரியுதுக்கா" என்றான், அக்காவிடமே சொல்வதுபோல.

பிறகு அவனே முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.

போட்டோ எடுத்த போன் எப்போதோ உடைந்து போயிருந்தது. துணியும் ஜரிகையுமாகப் புடைத்திருந்த பக்கத்தை அப்படியே கொண்டுபோனால் கடை மெஷினில் சரியாக விழாது. கீர்த்தனா பிளேடைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டோவை உரித்தாள். அம்மா செய்த பசை லேசில் விடவில்லை. துரை அதை ஒரு நோட்டுக்குள் வைத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பைக்கை உதைத்தான். "ஒரு நூலு கூட வெட்டக் கூடாதுன்னு சொல்லிடு மச்சான்" என்று ஆனந்தன் பின்னாலிருந்து கத்தினான்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். கையில் தீச்சட்டியோடு முன்னால் நடந்த ஆனந்தன் தெருமுனைக்கு வந்ததும் நின்றான். மேளமும் நின்றது. மேலே சங்கரி, அத்தனை பெரிதாக, தன் சொந்தக் கை, சொந்தக் காலோடு, கையில் செருப்போடு சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவ்வளவு தண்ணீர். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்திருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"யாருப்பா இது, போட்டுல போறது?"

"எம் பொண்டாட்டி" என்றான் ஆனந்தன். கடைசி வரிசையில் பொரி தூவிக்கொண்டு வந்தவன் வரைக்கும் அது கேட்டது.

மறுநாள் பால் ஊற்றிவிட்டு வந்தபோது வீடு கழுவி ஈரமாக இருந்தது. சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் பந்தலில் ஆளுக்கொரு மூலையாகச் சாய்ந்திருந்தார்கள். ஆனந்தன் அடுப்படியில் மாடத்திலிருந்த பசைக் கிண்ணத்தை எடுத்தான். மேலே ஏடு கட்டியிருந்தது. அடியில் இன்னும் ஈரம். விரலால் தொட்டு, கடையிலிருந்து திரும்பி வந்திருந்த போட்டோவின் முதுகில் தடவி, பழைய தடத்தில் பொருத்தி வைத்தான். ஒரு பக்கம் கொஞ்சம் கோணிவிட்டது. எடுத்து மறுபடி வைக்க மனசு வரவில்லை. ஆல்பத்தை மூடி, மெத்தையைத் தூக்கித் தன் பக்கத்தில் செருகிவிட்டு, மேலே ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டான்.

ஜனங்களுக்கு டீ கேட்க வந்த துரை திடுக்கிட்டுப் போனான்.

"இன்னா மாமா, இந்நேரத்துக்குப் படுத்துக்கின? ஒடம்பு எதனா முடிலயா?"

"அதெல்லாம் நல்லா கீறேன். காயணும்."

துரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெத்தையின் ஓரத்தில் அட்டையின் நுனி கொஞ்சம் வெளியே தெரிந்தது. அவன் உள்ளே வந்து, அதைப் பெருவிரலால் மெல்ல உள்ளே தள்ளினான். பிறகு மாமாவின் கால்மாட்டில், சத்தம் போடாமல், தன் முழுப் பாரத்தையும் வைத்து உட்கார்ந்துகொண்டான்.