டெம்ப் காலி

ஒழுங்கு என்றால் எனக்கு உயிர். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். ஃபாக்டரியில் வேலை பார்த்த அப்பா, வீட்டிலும் ஸ்பேனருக்கு ஓர் ஆணி, சுத்தியலுக்கு ஓர் ஆணி என்று நம்பர் போட்டு மாட்டுவார். அப்படி வளர்ந்த இந்த ஹெலினா வந்து மாட்டியது அம்பத்தூர் எஸ்டேட்டில், லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை வைத்துச் சொந்த ஆபரேட்டிங் சிஸ்டம் தயாரிக்கும் கம்பெனியில். அதற்குக் கையேடு எழுதுவது என் வேலை.

எந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும் என்று லினக்ஸுக்குப் பொதுவாக ஒரு விதி உண்டு. அவரவர் ஃபைலுக்கு ஹோம். வேலை முடிந்ததும் தூக்கிப் போட வேண்டியதற்கு டெம்ப். எங்கள் ஆபீஸில் எல்லாமே டெம்ப்பில்தான். மற்ற ஃபோல்டர்கள், அடுத்தவர் திறந்தால் பெர்மிஷன் கேட்கும். டெம்ப் யாரையும் எதுவும் கேட்காது. புரோகிராம் எழுதும் கோகுல்நாத்தின் சோர்ஸ் கோடு அங்கே, முதலாளி பார்த்தசாரதி சாரின் பேரன் காதுகுத்து போட்டோ அங்கே. பேக்கப்பும், கேட்டால் சிரிப்பீர்கள், அங்கேயேதான்.

"ரீஸ்டார்ட் பண்ணா டெம்ப் காலியாகணும் கோகுல், அதுதான் முறை" என்பேன்.

"இன்னாக்கா நீ! அல்லாரும் அங்கதான் குடும்பம் நடத்திகினு கீறோம். காலி பண்ணா எங்க போறது?"

மூன்று வருடம் கத்தினேன், ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. போன வாரம் ஒரு பள்ளிக்கூடக் குழுமம் எங்கள் சிஸ்டத்தைக் கேட்டது. ஃபோல்டர் விதிச் சான்றிதழ் இருந்தால்தான் ஆர்டர். ஆர்டர் வராவிட்டால் இந்த மாதத்தோடு ஷட்டரை இறக்கிவிடுவதாகச் சார் சொன்னார். என்னையும் சேர்த்து எட்டுப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"ஹெலினா, நீ சொன்னபடியே செஞ்சிடும்மா" என்றார்.

அடடா, அந்த ஒரு வார்த்தைக்குத்தானே காத்திருந்தேன்! ஆபீஸ் சர்வரும் எங்கள் சிஸ்டத்தில்தான் ஓடுகிறது, சான்றிதழுக்கான ஆய்வும் அதில்தான். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் டெம்ப் துடைக்கப்பட நானே ஏற்பாடு செய்தேன். வாட்ஸ்அப் குரூப்பில், 'வியாழன் மாலை நாலு மணிக்குள் டெம்ப்பில் உள்ள ஃபைல்களை எடுத்துக்கொள்ளவும்' என்று போட்டேன். எட்டுக் கட்டைவிரல் வந்தது. முதல்முறையாக என் பேச்சை மதிக்கிறார்கள் என்று பூரித்துப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வாளர் சுலைமான் வந்தார். பட்டியலை வைத்து ஒவ்வொரு ஃபோல்டராக டிக் அடித்தார். சர்வரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி டெம்ப்பைத் திறந்தார். கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது.

"இவ்வளவு சுத்தமா விதியை மதிக்கிற சிஸ்டத்தை நான் பார்த்ததே இல்லம்மா" என்று சொல்லிச் சீல் குத்தினார். சார் லட்டு டப்பாவைத் திறந்தார்.

லட்டு வாயில் இருக்கும்போதே கோகுல் அலறினான். "சார், அல்லாம் பூட்ச்சு சார்! சோர்ஸ் கோடு இல்ல, இன்ஸ்டாலர் இல்ல, பேக்கப்பு இல்ல! இஸ்கூலுக்கு இன்னாத்த குடுக்கறது?"

சார் சுலைமானைப் பார்த்தார். அவர் பையை மாட்டிக்கொண்டு, "எது எங்க இருக்கணும்னு பாக்குறதுதாங்க என் வேலை. இருக்கான்னு பாக்குறது இல்ல" என்று சொல்லிவிட்டு இன்னொரு லட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எனக்கு வந்ததே கோபம்! "படிச்சுப் படிச்சு மெசேஜ் போட்டேன் இல்ல? கட்டைவிரலைத் தூக்கத் தெரிஞ்சுது, ஃபைலை எடுக்கத் தெரியலையா? மனுஷங்களா நீங்கள்லாம்?" என்று ஒருத்தர் விடாமல் கிழித்தேன்.

"யக்கா," என்றான் கோகுல் மெதுவாக, "உன் கையேடு எங்க கீது?"

எட்டு மாத உழைப்பு. நானூறு பக்கம். அதுவும் டெம்ப்பில்தான் இருந்தது.

போனை எடுத்து அந்த மெசேஜைப் பார்த்தேன். எட்டுக் கட்டைவிரலில் முதலாவது என்னுடையது.