இன்றைய காற்றில் வேங்கை

பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசற்படி தாண்டக் கூடாது என்று போத்தனூரில் ரம்ஷாவின் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ரம்ஷாவின் ஆராய்ச்சிக்கோ ஒரு நாள்கூட விடுமுறை கிடையாது. கல்லூரித் தோட்டத்தில் இரண்டு பிளாஸ்டிக் கூடாரங்கள், இரண்டிலும் வேங்கைக் கன்றுகள். ஒன்றில் நாம் இன்று சுவாசிக்கும் காற்று. மற்றதில் சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவைக் கூட்டிவிட்டு, நம் பேரப்பிள்ளைகள் காலத்துக் காற்று. எது எப்படி வளர்கிறது என்பதுதான் அவளுடைய டாக்டர் பட்டத்துக்கான கேள்வி. மண்ணும் தண்ணீரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். காற்று மட்டும்தான் மாறலாம்.

கூடாரங்களுக்குக் கம்பி வளைத்துக் கொடுத்தவன் அவள் புருஷன் நிஜாம். உக்கடத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். தண்ணீர் ஊற்றுவதையும் சிலிண்டரைத் திறந்து மூடுவதையும் அவனிடமே ஒப்படைத்திருந்தாள். வேறு யாரை நம்புவது?

நாற்பது முடிந்த மறுநாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவளால் கண்ணை நம்ப முடியவில்லை. முன்பு முந்திக்கொண்டு நின்றவை வாயு குடித்த கன்றுகள்தான். இப்போதோ இன்றைய காற்றில் நின்றவை அவற்றைத் தாண்டித் தளதளவென்று வளர்ந்திருந்தன. படித்ததற்கெல்லாம் தலைகீழ். இது மட்டும் உண்மையென்றால் பட்டம் என்ன, பெரிய பேரே வந்துவிடும்! ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பிரவீனா மேடத்துக்குப் போன் போடக் கை பரபரத்தது.

நிஜாம் வாயெல்லாம் பல்லாக நின்றான். "எப்படித் தேத்திப்போட்டேன், பாத்தியா? நோஞ்சானா நின்னுதுக. சாணியும் கடலைப் புண்ணாக்கும் கரைச்சு ஊத்துனேன்."

"ரெண்டு கூடாரத்துக்குமா?"

"அதுக்கு எதுக்கு? அதுதான் கொழுகொழுன்னு இருந்துச்சே."

ரம்ஷாவுக்கு அழுகை முட்டியது. வயிற்றுப் பிள்ளையோடு குனிந்து குனிந்து நட்டவை. அத்தனை உழைப்பும் புண்ணாக்குத் தண்ணீரோடு போய்விட்டது.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமில்ல? எதுக்குங்க இப்படிச் செஞ்சீங்க?"

அவன் சிரிப்பு மறைந்தது. குழந்தையைப் பார்த்தபடி சொன்னான்.

"கொறமாசத்துப் புள்ளைன்னு இவளைக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருந்தாங்கல்ல? நீ குடுத்தனுப்புற பாலை நர்ஸ்கிட்டக் குடுப்பேன், அவ்வளவுதான். தொட உடல. இன்னிக்கும் எடை ஏறலைன்னுவாங்க. அங்கிருந்து நேரா இங்க வருவேன். இதுகளும் கூடாரத்துக்குள்ள மெலிஞ்சு நின்னுச்சு. இங்க என்னைத் தடுக்க ஆளில்ல, ரம்ஷா."

அப்போதெல்லாம் போனில் கேலி பேசி அவளைச் சிரிக்க வைத்தவன் இவன். இவனும் பயந்து கிடந்தான் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. பாவி மனுஷன், ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.

புண்ணாக்கு விஷயத்தை மறைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் மேடத்தைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள். "மறுபடி வெதை போடு கண்ணு. ஒரு வருசம் போனாப் போகுது" என்றார் அவர்.

"அப்ப இதுகளை என்ன பண்ணுவே?" என்றான் நிஜாம், மெதுவாக.

சோதனை ஒழுங்காக நடந்திருந்தால் அடுத்த மாதம் அத்தனையையும் வேரோடு பிடுங்கி, அடுப்பில் உலர்த்தி, இலை வேறு வேர் வேறாக எடை போட்டிருப்பாள். அதை அவனிடம் அவள் சொன்னதே இல்லை.

"எங்கியாச்சும் நட்டு வெய்யுங்க" என்றாள் ரம்ஷா. "இனி இதுகளை யாரும் எடை பாக்க மாட்டாங்க."