ஒன்றும் முளைக்காத தட்டு

நள்ளிரவில் சித்தியை எழுப்பினேன். இந்த விடுமுறையில் அவருடைய ஆய்வகத்தில் செல்கள் வளர்வதற்கான சத்துக்கூழைக் கலந்து தட்டுகளில் ஊற்றுவது என் வேலை. உயிருள்ள செல்லுக்குள்ளேயே வேலை செய்யும் ஆன்டிபாடியை அங்கே தேடுகிறார்கள். ஒவ்வொரு ஈஸ்ட் செல்லுக்குள்ளும் வெவ்வேறு ஆன்டிபாடி இருக்கும். அது தன் இலக்கைப் பிடித்தால்தான், ஒரு சத்தை மட்டும் சேர்க்காமல் ஊற்றிய தட்டில் அந்த செல் வளரும். இன்று அந்தத் தட்டில் ஏழு செல்கள் பெருகிப் புள்ளிகளாக முளைத்திருந்தன. சித்தி துள்ளிக் குதித்தார்.

“சித்தி, அந்தச் சத்தை நானே கலந்துட்டேனோன்னு பயமா இருக்கு. புட்டியைத் திறந்தேன். ஊத்தினேனான்னுதான் தெரியல.”

“அடிப்பாவி! மூணு வருஷ உழைப்புடி.” சித்தி எழுந்து உட்கார்ந்தார். “இரு. ஆன்டிபாடியே இல்லாத செல்லையும் ஒரு தட்டுல வச்சோமே, அதுவும் அதே குடுவைல ஊத்தினதுதானே?”

“ஆமா.”

“அதுல என்ன முளைச்சுது?”

“ஒண்ணுமே இல்ல.”

“அப்ப நீ ஊத்தலடி, மக்கு! ஊத்தியிருந்தா அந்த தண்டமும் சேர்ந்து பாஸாகியிருக்கும்.”

“ஆனா ஊத்தின மாதிரியும் ஞாபகம் இருக்கே, சித்தி?”

“உன் மண்டையைவிட அந்தத் தட்டை நான் நம்புறேன். போய்ப் படு.”

படுத்தேன். புட்டியைச் சாய்த்த கனம் இன்னும் கையில் இருந்தது.