தயிரில் கறுநீலம்

சொட்டு விழுந்த இடத்தில் தயிர் கறுநீலமானது.

நிலாவெளி விடுதியின் குசினியில் நின்ற சனூஸா குனிந்து பார்த்தாள். கிண்ணியாவிலிருந்து அவள் கொண்டுவந்த எருமைத் தயிர் அது.

“இது அயடின், அக்கா,” என்றான் சமையல் பொறுப்பாளன் மெல்ரோய். முன்பு உயிரியல் ரியூசன் கொடுத்தவன்; சோதிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. “மாப்பொருள் இருந்தால்தான் நீலமாகும். நெல்லு, கிழங்கு எல்லாம் தங்கட சாப்பாட்டை மாவாச் சேர்த்து வைக்கும். எருமை கொழுப்பாத்தான் சேர்க்கும். பிறகு பாலில மாவு எங்கால வந்தது?”

“அல்லாஹ் அறிய நான் கலக்கேல்ல!”

“அப்ப கலந்தது ஆர்? அந்த ஆளை வேலையால நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி இண்டையோட உங்களிட்டத் தயிர் எடுக்கிறதை விட்டிடுவன்.”

இந்த விடுதி கைவிட்டால் அவள் வியாபாரமே படுத்துவிடும். பாலை உறைய வைப்பது யார்? தம்பி ஸாஜித். கொஞ்ச நாளாக வீட்டுக் குசினிக் கதவைச் சாத்திக்கொள்கிறான். ஏனென்று கேட்டால் முறைக்கிறான்.

“என்ர தம்பிதான்,” என்றாள் சட்டென்று. “அவனை நிப்பாட்டுறன்.”

ஓட்டோ கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் குசினிக் கதவைத் தள்ளினாள். ஸாஜித் துள்ளி எழுந்தான். அவன் கையிலிருந்த சட்டியில் வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ.

“என்னடா இது?”

“கஞ்சி, ராத்தா…”

“இதைத்தானே பாலில ஊத்தினனீ, கள்ளா!”

“பாலிலயா? உங்களுக்கென்ன விசரா? மலிவெண்டு புது ஆளிட்டத் தயிருக்கு மண்சட்டி எடுத்தனான். எல்லாம் கசியுது. கஞ்சியை ஊத்திச் சுழட்டிக் காயவிட்டால் கசிவு நிக்கும். நீங்க ஏசுவீங்க எண்டுதான் கதவைச் சாத்தினனான்.”

சனூஸா கைபேசியை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“மெல்ரோய் தம்பி, தயிரை எந்த இடத்தில எடுத்துப் பார்த்தனீங்கள்?”

“சட்டி ஓரத்தில.”

“நடுவில எடுத்துப் பாருங்கோ.”

கரண்டிச் சத்தம் கேட்டது. ஸாஜித்தின் கண்கள் அவளையே துளைத்தன.

“நடுவில நீலமில்லை, அக்கா! அயடின் மஞ்சளாத்தான் நிக்குது.”

கஞ்சிக் கதையைச் சொன்னாள். மெல்ரோய் சிரித்துவிட்டான். “சட்டியை மாத்திக் கொண்டாங்கோ, எடுக்கிறன். பாவம், தம்பியை நிப்பாட்ட வேண்டாம்.”

அழைப்பு முடிந்தது. ஸாஜித் சட்டியை மெதுவாகக் கீழே வைத்தான்.

“என்னை நிப்பாட்டுறன் எண்டு சொன்னனீங்களா, ராத்தா?”

“வியாபாரம் போயிடுமெண்டு…”

“எனக்கிட்ட ஒரு வார்த்தை கேக்க முந்தியே?”

அவன் செருப்பை மாட்டினான்.

“பால் வரப்போகுது. நீங்களே உறைய வையுங்க. சந்தேகம் இருக்காது.”

வாசலில் பால்காரனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஸாஜித் அதைக் கடந்து தெருவில் இறங்கினான்.