முரளி அறுத்த பேனர்

ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்களின் வரிசை குறைந்த பிறகுதான் கோதை போனை எடுத்துப் பார்த்தாள். திருப்பதியில் ஒரு தனியார் லேபில் அவளுக்கு வேலை. கூட வேலை செய்யும் மல்லிகா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். தலையில் துண்டு கட்டிய ஒருவன் ஏணியில் நின்று ஒரு கட்சித் தலைவரின் பேனரைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தான். பேனர் சேற்றில் விழுந்ததும் வீடியோ முடிந்துவிட்டது. மொத்தமே பதினான்கு விநாடி. ‘நம் தலைவரை அவமானப்படுத்திய புத்தலப்பட்டு ஆள். விடலாமா?’ என்று மேலே தெலுங்கில் எழுதியிருந்தது.

முகம் தெரியவில்லை. ஆனால் ஏணியில் இடது காலை ஒரு படி மேலே மடக்கி வைத்து நிற்கும் அந்த நிற்பு அவளுக்குத் தெரியும். அவள் தம்பி முரளி.

முரளி சித்தூர் பக்கம் புத்தலப்பட்டில் மைக்செட்டும் பந்தலும் வாடகைக்கு விடுகிறவன். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் ஒலிபெருக்கி அவனுடையதுதான். கோதை உடனே அவனைக் கூப்பிட்டாள்.

“டேய், பேனர இன்னாத்துக்குடா அறுத்த?”

“நேத்து காத்துல கயிறு அவுந்து கரண்ட் கம்பி மேல சாஞ்சிக்கினு இருந்துச்சுக்கா. ஸ்கூல் வுடற நேரம். லைன்மேன் வர அரை மணி நேரம் ஆவும்னாங்க. அதான் நானே ஏறிட்டேன். இன்னா இப்ப?”

“எவனோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கான். கடைய மூடிக்கினு இங்க வந்துடுடா.”

அவன் சிரித்தான். “அவங்க மீட்டிங்குக்கே நாந்தான்க்கா சவுண்டு. எல்லாம் தெரிஞ்சவங்க.”

போனை வைத்துவிட்டு, அதை யார் முதலில் போட்டது என்று தேடினாள். யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. மல்லிகா எடுத்து அனுப்பியது எங்கிருந்து என்பது மட்டும் தெரிந்தது. அது கோதையின் கணவன் ஜெயச்சந்திரனின் பக்கம். காலை ஆறு நாற்பதுக்குப் பகிர்ந்திருந்தான். ‘கையை ஒடிக்கணும்’ என்று தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்திருந்தான். அவனிடமிருந்து மட்டும் நானூறு பேருக்கு மேல் எடுத்துப் பகிர்ந்திருந்தார்கள்.

முன்பெல்லாம் கட்சிப் பேச்சு வந்தாலே ஜெயச்சந்திரனுக்குக் கொட்டாவி வரும். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போக வர நாலு மணி நேரம் ஓடிவிடும். தேர்தல் சமயத்தில் ஒரு அடிதடி வீடியோவைக் கடைசிவரை பார்த்தான். அடுத்த நாள் அதே மாதிரி நாலு வந்தன. அப்புறம் வேறெதுவுமே வரவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்த கிரிக்கெட்டும் மீன்பிடிக்கிற வீடியோக்களும் எங்கே போயினவோ. ஒருமுறை, வெதுருகுப்பம் பக்கம் இரண்டு கோஷ்டி மோதிக்கொண்டதை அவன் போனிலும் பக்கத்து வீட்டு நாகபூஷணத்தின் போனிலும் கோதை பார்த்தாள். ஒன்றில் அடித்தவர்கள் மற்றதில் அடிபட்டவர்களாக இருந்தார்கள். அதை அவனிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவன் நாகபூஷணத்தோடு பேசுவதையே விட்டுவிட்டான்.

இப்போது கூப்பிட்டால் ஜெயச்சந்திரனின் போன் அணைந்திருந்தது. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். தொழிற்சாலை வாசல் காவலரைப் பிடித்துக் கெஞ்சினாள். “சாப்பாட்டு டைம் வரைக்கும் வெளிய வரமாட்டாரும்மா” என்றார் அவர். போலீசுக்குச் சொன்னாள். அதற்குள் யாரோ முரளியின் பெயரையும் கடை இருக்கும் இடத்தையும் கீழே எழுதிவிட்டார்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நானூறு ஆயிரமானது. முரளியை மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. பர்சை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

பஸ் சந்திரகிரியைத் தாண்டும்போது ஜெயச்சந்திரன் கூப்பிட்டான்.

“ஏங்க, அந்த வீடியோல இருக்கறது முரளிங்க!”

“நம்ம முரளியா? ஐயோ. இரு, எடுத்துடறேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “எடுத்துட்டேன் கோதை” என்றான்.

“நீங்க எடுத்தா போதுமா? ஊரே வச்சிக்கினு இருக்குதே!”

“சரி… அவன் எதுக்கு அத்த அறுத்தான்? அந்தப் பக்கம் எதுனா காசு குடுத்தாங்களா?”

பந்தக்கால் நட்டதிலிருந்து தாலி கட்டி முடிகிறவரை அவர்கள் கல்யாணத்துக்கு ஓடியாடியவன் முரளி. அவனைப் பற்றித்தான் கேட்கிறான். கோதை போனை அணைத்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கடை முன்னால் ஆம்ப்ளிபையர்கள் உடைந்து கிடந்தன. போலீஸ் ஜீப்பிலேயே முரளியைச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அடித்தவர்களில் பாதிப் பேர் வெளியூர். மீதிப் பேர் அவனுக்குத் தெரிந்தவர்கள்.

தலையில் ஒன்பது தையல். வலது கை முறிந்திருந்தது. மூன்றாம் நாள் எதிர்க்கட்சிக்காரர்கள் சால்வையோடு வந்து, அவனைப் பேசவைத்து வீடியோ எடுத்துப் போனார்கள். நாலாம் நாள் கோதை சோறு கொண்டுபோனபோது முரளி இடது கையில் போனைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே கூச்சல், ஒரே அடிதடி. ஜெயச்சந்திரனின் போனில் வருகிற அதே குரல்கள் மாதிரி இருந்தன; திட்டு வாங்குகிறவர்கள் மட்டும் வேறு.

“அத்த வச்சிட்டு துன்னுடா.”

“பாருக்கா, அவனுங்க எத்தினி பேர இப்படி அடிச்சிருக்கானுங்கன்னு. நாந்தான் இத்தினி நாளா ஒண்ணும் தெரியாம இருந்துட்டேன்.”

“நீ பேசின வீடியோல மாமா பேரச் சொல்லியிருக்கடா. எங்க தெரு பேரெல்லாம் போட்டிருக்காங்க. எடுக்கச் சொல்லு முரளி, உன் கால்ல வுழறேன்.”

“நானா போட்டேன்? அவங்க போட்டது. யாராண்ட போய் எடுக்கச் சொல்றது? சொன்னது பொய்யும் இல்லியே.” அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. “கையை ஒடிக்கணும்னு மாமா எழுதினாரு. ஒடிச்சிட்டாங்க.”

தட்டை அவன் தொடவேயில்லை. கோதை படியிறங்கினாள். மன்னிப்புக் கேட்கவென்று காலையில் கூட வந்த ஜெயச்சந்திரன், மேலே வரத் தைரியமில்லாமல் கேட்டருகில் நின்றிருந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

“வரச் சொன்னானா?”

அவள் தலையசைத்தாள், இல்லையென்று. அவன் போனை நீட்டினான். அவனுடைய பழைய பதிவிலிருந்து எடுத்த படம்: பள்ளிச் சீருடையில் அவர்கள் மகள் ஹர்ஷினி. ‘இவன் மகள் இவள்தான்’ என்று எவனோ எழுதியிருந்தான். கீழே முந்நூறு பதில்கள்.

கோதை அவற்றைப் படிப்பதற்குள் ஜெயச்சந்திரன் போனைத் தன் பக்கம் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு வேகவேகமாக என்னவோ டைப் செய்துகொண்டிருந்தான்.

“வேணாங்க. எதுவும் எழுதாதீங்க.”

“சும்மா இருந்தா பயந்துட்டோம்னு நெனப்பானுங்க கோதை.”

“பயமாத்தாங்க இருக்குது எனக்கு!”

அவன் நிறுத்தவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள், உதறினான். அதற்குமேல் அவள் அங்கே நிற்கவில்லை. முதலில் கிடைத்த பஸ்ஸில் திருப்பதிக்கு வந்தாள். பள்ளியில் அனுமதி கேட்டு ஹர்ஷினியைப் பாதி வகுப்பில் அழைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கமே போகாமல், நாகலாபுரத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

“நைனா வரலியாம்மா?” என்றாள் ஹர்ஷினி.

“வருவாரு” என்றாள் கோதை. மகளின் சீருடை தெரியாதபடி தன் துப்பட்டாவை எடுத்து அவளைச் சுற்றிப் போர்த்தினாள்.