பொந்துக்கு எதிர் ஜன்னல்

மரத்தடியில் நின்று அந்தப் பெண் அண்ணாந்து பார்த்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. சும்மா பார்க்கிறவர்கள் வேறு மாதிரி பார்ப்பார்கள். இவள் எதையோ தேடினாள். கழுத்தில் அடையாள அட்டை, தலையில் பச்சைத் தொப்பி, கையில் நீள மூக்கு வைத்த கேமரா. எங்கள் குடியிருப்பின் பின்புறத்தில் மோட்டார் அறையையும் அந்த ஒற்றை மரத்தையும் தவிர ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே வந்து படம் பிடிக்க என்ன இருக்கிறது? குப்பைப் பையைப் படியிலேயே வைத்துவிட்டு நேராகப் போனேன்.

"யாரும்மா நீ? யாரைப் பாக்கணும்?"

"யாரையும் இல்ல அங்கிள். இந்த மரத்தைத்தான்."

வருகிற புதன்கிழமை அந்த மரத்தை வெட்ட ஆள் வருகிறது. அது நின்ற இடத்தில்தான் லிஃப்ட் வரப்போகிறது.

லிஃப்ட் என்று சொன்னால் மற்றவர்களுக்கு அது ஒரு வசதி. என் மனைவி இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, நாலாம் மாடிக்கு வந்து சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. நடுவில் ஒரே ஒரு தடவை கீழே இறங்கினாள். இறங்கினாள் என்பது தவறு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிப்போனார்கள். மாடி வளைவில் ஒருவன், "கல்யாணப் பொண்ணு மாதிரி போறீங்கம்மா" என்றான். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் இவள், "இனிமே என்னைப் பொணமாத்தான் எறக்கணும்" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தேன். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, கெஞ்சி, மிரட்டி, அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்குவதற்குள் எனக்கே இடுப்பு விட்டுப்போனது.

பெரிய கடை ஒன்றின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையையும் பில்லையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. குடியிருப்பில் எனக்கு 'செக்கிங்' என்றே பெயர். யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் கைக்குத்தான் போகும், அப்புறம்தான் முகத்துக்கு. இது வேலையால் வந்த குணமா, இந்தக் குணத்தால்தான் அந்த வேலை கிடைத்ததா என்று எனக்கே தெரியாது.

"மரத்துல என்னம்மா இருக்கு?"

அவள் மடை திறந்தமாதிரி பேசினாள். உலகம் முழுக்க ஒரே வாரமாம். எத்தனையோ நாட்டு ஜனங்கள் தங்கள் வீட்டைச் சுற்றியிருக்கிற செடி, பூச்சி, பறவை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஒரே இடத்தில் போடுகிறார்களாம். நம்மோடு என்னென்ன உயிர் வாழ்கிறது என்று ஜனங்களுக்கே தெரியவேண்டுமாம், தெரிந்தால்தான் காப்பாற்றத் தோன்றுமாம். இவர்கள் அமைப்பின் தலைவி ஒருத்தர் இதற்காகவே வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியிருக்கிறார்.

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"லாபமா?" என்று சிரித்தாள். கடை வாசலில் இப்படிச் சிரித்து மழுப்பியவர்கள் பையில் எத்தனை சோப்புக்கட்டி பிடித்திருக்கிறேன்! எங்கேயோ இருக்கிறவன் ஒருவன், என் கட்டடத்தின் பின்பக்கத்து மரத்துக்காக விமானம் ஏறி வருவானா? இவள் காதில் பூ சுற்றுகிறாள். யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள். யார் என்றும் எனக்குச் சட்டென்று பொறிதட்டியது.

கீழ்வீட்டில் மருந்துக்கடைக்காரர் குடியிருக்கிறார். "தரையில இருக்கிறவனுக்கு எதுக்கு சார் லிஃப்ட்?" என்று கடைசிவரை முரண்டு பிடித்து, கடைசி ஆளாகக் கையெழுத்துப் போட்டவர். நியாயமான கேள்விதான், ஆனால் கையெழுத்துப் போடும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் மறக்கவில்லை. அவர் வீட்டுப் பின்கதவைத் தட்டினேன். பல் துலக்கிக்கொண்டே வந்தார்.

"நேரா நின்னு ஜெயிக்க முடியலன்னு இப்படிக் குட்டையைக் குழப்புறீங்களா? இந்தப் பொண்ணுக்குச் சொல்லி அனுப்பினது நீங்கதானே?"

அவர் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். "எந்தப் பொண்ணு? நான் கையெழுத்துப் போட்டாச்சு சார். என் பங்கையும் குடுத்தாச்சு. வீட்ல அம்மா எப்படி இருக்காங்கன்னு உங்களக் கேக்கணும்னு தோணும். எதுக்குக் கேக்குறன்னு கேப்பீங்களேன்னு கேக்கறதில்ல."

இது நடிப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் நடுவில் வந்தாள். "ஐயோ அங்கிள், இவர் இல்ல. இங்க பாருங்க, படம் மேலேர்ந்து எடுத்தது." போனை நீட்டினாள்.

சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பறவை. வளைந்த முரட்டு அலகு. அலகின் நுனியில் ஒரு சிவப்புப் பழத்தை, உடைந்துவிடுமோ என்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தது. எதிரில் மரப்பொந்து. பொந்தின் வாயை மண்ணும் எச்சமும் சேர்த்துப் பூசி அடைத்திருந்தது. நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும்.

"இருவாச்சி அங்கிள். ஊருக்குள்ள கூடு வைக்கிறதே அபூர்வம். பொட்டை உள்ள இருக்கு. முட்டையிட்டுக் குஞ்சு வளர்ற வரைக்கும் வெளிய வராது. ஆண்தான் கொண்டாந்து ஊட்டும். யாரோ தினமும் படம் போடுறாங்க. எப்ப வந்துச்சு, என்ன பழம் கொண்டாந்துச்சுன்னு அவ்ளோ அழகா எழுதுறாங்க. இந்த வாரம் எல்லா நாட்டுலயும் காட்டப்போற படத்துல இதையும் சேர்க்கப்போறாங்க. படம் போடுறவங்க 'எதிர் ஜன்னல்'னுதான் தன் பேரைப் போட்டிருக்காங்க. அவங்களைப் பாக்கத்தான் சாயங்காலம் எங்க தலைவியே வர்றாங்க."

நான் பறவையைப் பார்க்கவில்லை. படத்தின் இடது ஓரத்தில் மங்கலாக ஒரு ஜன்னல் கம்பி தெரிந்தது. பெயர்ந்துவிட்ட அந்தக் கம்பியைச் சட்டத்தோடு சேர்த்துச் செம்புக் கம்பியால் யாரோ இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். சுற்றிய முனையில் துணிக்குப் போடுகிற மஞ்சள் கிளிப். எங்கள் சமையலறை ஜன்னலில் அதைச் சுற்றிய அன்றைக்குக் குறடு வழுக்கி என் கட்டைவிரலில் ரத்தம் வந்தது.

"காட்டினா என்னாகும்?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அப்புறம் இந்த மரத்துமேல யாரும் லேசில கை வைக்க முடியாது அங்கிள்!" அவள் அத்தனை சந்தோஷமாகச் சொன்னாள். "வருஷா வருஷம் இதே பொந்துக்குத்தான் வரும்."

"அப்படி யாரும் இந்தக் கட்டடத்துல இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். குப்பைப் பை வைத்த இடத்திலேயே இருந்தது.

ஏற ஏற எள்ளும் கொள்ளும் வெடித்தது என் முகத்தில். போனும் கையுமாக இருக்கிறாளே என்று என் மனைவிமேலும் எனக்குச் சந்தேகம் வந்ததுண்டு. தன் தங்கையிடம் என்னைப் பற்றி என்ன சொல்கிறாளோ என்று, அவள் குளிக்கப்போன நேரத்தில் ஒருமுறை அந்த போனைத் திறந்தும் பார்த்தேன். வரிசையாகப் படங்கள். இலையும் கிளையுமாக இருந்தன. பாவம், பொழுது போகாமல் எதையோ எடுக்கிறாள் என்று மூடி வைத்துவிட்டேன். ஊரார் பையில் ஒளித்த ஊசியைக் கண்டுபிடிக்கிறவன், அத்தனை பெரிய பறவையைப் பார்க்கவில்லை.

சமையலறை ஜன்னலோரம் உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் விளிம்பில் போன் சாய்த்து வைத்திருந்தது.

"மரத்தைப் படம் எடுத்து யாருக்கு அனுப்புற நீ?"

முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. "வந்துட்டாங்களா? சாயங்காலம்னுதானே சொன்னாங்க! வீடு கெடக்கிற கெடையில..."

"லிஃப்ட் எங்க வரப்போவுதுன்னு தெரியுமா உனக்கு?"

"முன்பக்கம் எங்கயோ..."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"நீங்க எதைத்தான் சொன்னீங்க? வருது வருதுன்னீங்க. எங்க, எப்பன்னு கேட்டா, வரும்போது பாத்துக்கன்னீங்க."

உண்மை. சொல்லவில்லை. சொன்னால் தங்கையிடம் உளறுவாள், அது நாலு காது மாறி யாராவது முட்டுக்கட்டை போடுவார்கள் என்று நினைத்தேன்.

"அந்த மரம் இருக்கிற எடத்துல. புதன்கிழமை வெட்ட வர்றாங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றியது. நானே போய் அணைத்தேன்.

"அவ உள்ள இருக்காளேங்க" என்றாள்.

"போன்ல இருக்கிறதையெல்லாம் அழிச்சிடு. தப்பா போட்டுட்டேன், இது வேற எடம்னு சொல்லிடு. அவங்களுக்கு இந்த உலகத்துல வேற மரமா கிடைக்காது?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உன் வாயில எது நிக்கும்?"

"நான் யார்கிட்டங்க சொல்லப்போறேன்? இந்தச் சுவத்துகிட்டயா?" சத்தமாகச் சொன்னவள் உடனே குரலைத் தணித்தாள், வெளியே அது பயந்துவிடும் என்பதுபோல. "எனக்கு மட்டும் கீழ போக ஆசை இல்லைன்னு நெனச்சீங்களா? செருப்பு போட்டுக்கிட்டு மண்ணுல நிக்கணும். கடைக்குப் போயி நானாப் பாத்து ஒரு சீப்பு வாங்கணும். நீங்க வாங்கிட்டு வர்ற சீப்பெல்லாம் மண்டையைப் பிராண்டுது."

அதை இத்தனை நாள் அவள் சொன்னதில்லை. மேசைமேல் கிடந்த சீப்பை எடுத்து அதன் பல்லை விரலால் தடவிப் பார்த்தேன்.

வெளியே இறக்கையடிக்கிற சத்தம் பெரிதாகக் கேட்டது. கிழித்துப் போட்ட துணி காற்றில் படபடப்பதுபோல. அவள் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். குனிந்து பார்த்தேன். அது பொந்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒரு பழத்தை மேலே கொண்டுவந்து, கீறலுக்குள் நீட்டியது. உள்ளிருந்து ஒரு அலகின் நுனி வந்து வாங்கிக்கொண்டது. இன்னொரு பழம். இன்னொன்று. பிறகு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

"உங்களை மாதிரிதான்" என்றாள் மெதுவாக. "மறக்காமக் கொண்டாந்து குடுக்கும். ஒரு வார்த்தை பேசாது. அடுத்த நடைக்குக் கெளம்பிடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. போனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"எனக்கு மனசு வராதுங்க. நீங்களே அழிச்சிடுங்க."

படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஒவ்வொன்றின் கீழும் அவள் எழுதியிருந்தாள். 'மழை. நனைந்துகொண்டே வந்தது.' 'பழம் கீழே விழுந்துவிட்டது. போய் வேறு கொண்டுவந்தது.' 'இன்று உள்ளே குஞ்சுச் சத்தம் கேட்டமாதிரி இருந்தது. எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.' அதற்குக் கீழே யார் யாரோ, படிக்கத் தெரியாத எழுத்துகளில், பூ, கும்பிடும் கை என்று குட்டிப் படங்களோடு பதில் போட்டிருந்தார்கள். இவர்களுக்கு என்ன வேண்டும் என் மனைவியிடம்? நல்லெண்ணம் என்று ஒன்றை இவ்வளவு தூரத்திலிருந்து சும்மா அனுப்புவார்களா? அவளோடு ஒரே வீட்டில் இருக்கிற எனக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், மிகவும் பொறாமையாக இருந்தது.

அழிக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அவசரமில்லை. வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிட்டு அப்புறம் நிதானமாக அழித்துக்கொள்ளலாம். ஒரு வாக்கியம் போதும். 'நீங்க நினைக்கிற ஆள் இங்க இல்ல.' காலையில் ஒருமுறை சொல்லிப் பழகியதுதான்.

சாயங்காலம் மணி அடித்தது. அதற்குள் அவள் தலைவாரி, ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு தொடாத ஊதாப் புடவையைக் கட்டியிருந்தாள். எப்போது எழுந்தாள், எதைப் பிடித்துக்கொண்டு நின்று கட்டினாள் என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து வாசல் கதவைத் திறந்தேன், பாதி மட்டும்.

பச்சைத் தொப்பிப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். காலையில் பார்த்த அங்கிள்தான் என்றதும் கொஞ்சம் குழம்பினாள். அவளுக்குப் பின்னால், இன்னும் மேலே வந்து சேராமல், கடைசிப் படிகளில் ஒரு வயதான அம்மாள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நரைத்த முடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. பழக்கதோஷம், நான் கையைத்தான் பார்த்தேன். ஒரு கை சுவரில். இன்னொரு கை முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, தன் பாஷையில் ஏதோ கேட்டார்.

"லிஃப்ட் இல்லையான்னு கேக்குறாங்க அங்கிள்."

சொல்லவேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கதவின் தாழ்ப்பாள் என் கையில் இருந்தது. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரமாக, வந்தவர்களுக்காகத் தரையில் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்றது. மூச்சு வாங்குகிறாள் போலிருக்கிறது. பிறகு இன்னொரு நாற்காலி இழுபட்டது.