சாட்பாட் கூப்பிட்ட விருந்தாளிகள்

முனீர் அகமது பாய்க்கு இரண்டு விஷயம் பிடிக்காது. ஒன்று, மச்சான் சத்தார். இன்னொன்று, இணையத்தில் யார் எதைத் தேடினாலும் சத்தார் கம்பெனி முதலில் வந்து நிற்பது. இரண்டும் ஒரே வியாதிதான் என்று சொன்னால் கோபம் வேறு வரும்.

இருவருக்கும் ஆம்பூரில் அடுத்தடுத்த தெருவில் ஷூ கம்பெனி. முனீர் பாயின் மனைவி சத்தார் பாயின் தங்கை. இருந்தும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. சொத்துத் தகராறு என்று நினைத்தால் அதுவும் கிடையாது. முனீர் என்று தேடினால் சத்தார் கம்பெனி விளம்பரம் மேலே வரும்படி அந்த மனுஷன் செய்து வைத்துவிட்டார். பெருநாளன்று இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், வாயை மட்டும் திறக்க மாட்டார்கள்.

இந்தச் சண்டைக்கு நடுவில் மாட்டியவள் நான், ஜெனிஃபா. பஜாரில் செல்போன் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்து வெப்சைட் வேலை செய்கிறேன். பெரிய வாடிக்கையாளர் என்று சொல்லிக்கொள்ள முனீர் பாய் ஒருவர்தான். அவரும் போய்விட்டால், "அப்பவே நர்சிங் சேந்திருக்கலாம்" என்ற பாட்டை ஆயுசுக்கும் வீட்டில் கேட்க வேண்டும்.

"இப்பல்லாம் யாரும் ஒவ்வொரு சைட்டா போய்ப் பாக்கறதில்ல பாய்," என்று நான்தான் ஆரம்பித்தேன். "கேள்வி கேக்கறாங்க, தேடுற இடத்துலயே பதில் வந்துடுது. அந்தப் பதில்ல நம்ம பேரு இருக்கணும். நம்ம சைட்ல கேள்வியும் பதிலுமா நெறைய இருந்தா அது எடுத்துக்கும்."

"அவ்ளோ பதில் யாரும்மா உட்காந்து சொல்றது?"

"சாட்பாட் வச்சிடலாம். அச்சு அசல் உங்களை மாதிரியே பேசும்."

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். பாய் தன் வாட்ஸ்அப் வியாபாரப் பேச்சு முழுவதையும் என்னிடம் கொடுத்தார். நான் அதை அப்படியே சாட்பாட்டுக்கு ஊட்டினேன். அது தமிழில் பேசியது, இங்கிலீஷில் பேசியது, ஜெர்மன்கூடப் பேசியது. பேசியதெல்லாம் கேள்வி பதிலாக வெப்சைட்டில் தானே ஏறும்படி செய்துவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். தோல் வியாபாரியானாலும் கரண்ட் ஆபீஸ்காரரானாலும், ஏன், திட்டி அனுப்புகிற ஆளுக்குக்கூட, முனீர் பாய் கடைசியில் ஒரு வரி போடாமல் இருக்க மாட்டார்: "ஜும்மா முடிஞ்சதும் வாங்க, பிரியாணி சாப்ட்டு போங்க." அதைக் கேட்டு எங்கள் ஊரில் யாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். "இன்னொரு நாள் பாத்துக்கலாம் பாய்" என்பார்கள், அத்தோடு முடிந்தது. இது எங்களுக்குத் தெரியும். சாட்பாட் என்ன ஆம்பூரிலா பிறந்தது?

அந்த வெள்ளிக்கிழமை ஜெர்மனியிலிருந்து ஹன்னா என்ற அம்மா சாம்பிள் பார்க்க வருவதாக இருந்தது. சாட்பாட் ஜெர்மனில் பேசிய அழகில் மயங்கி வருகிற அம்மா. அந்த ஆர்டர் கிடைத்தால்தான் கம்பெனியில் மூடிக் கிடக்கிற தையல் லைன் திறக்கும். "ஆர்டர் வந்தா உனக்கு நல்ல பேரு. போச்சுன்னா நீயும் போய்டு," என்று பாய் சிரிக்காமல் சொன்னார்.

தொழுகை முடிந்த நேரம். நானும் பாயும் கம்பெனியில் அந்த அம்மாவுக்காகக் காத்திருந்தோம். வாட்ச்மேன் கன்னியப்பன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், கேட்டாண்ட கூட்டம் ஜாஸ்தியா இருக்கு. பிரியாணி எங்கன்னு கேக்கறாங்க!"

எட்டிப் பார்த்தேன். ஹைவேயில் போகிற கார்கள், ஒரு டூரிஸ்ட் வேன், பைக்கில் வந்த காலேஜ் பையன்கள். ஒருவர் போனை நீட்டினார். ஆம்பூரில் நல்ல பிரியாணி எங்கே கிடைக்கும் என்று அவர் கேட்டிருக்கிறார். முதல் பதிலே நாங்கள்தான்: முனீர் அகமது காலணிக் கம்பெனி, வெள்ளி மதியம், அனைவரும் வரலாம், கட்டணம் இல்லை.

ஐயோ கர்த்தரே! ஷூவுக்கு முதல் இடம் பிடிக்கச் சொன்னால் பிரியாணிக்குப் பிடித்து வைத்திருக்கிறேன்.

"இன்னா மா பேஜார் இது?" பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "உள்ள இருக்கறது ஒரே தேக்ஷா பிரியாணி, நம்ம ஆளுங்களுக்கே பத்தாது. அந்தம்மா வர்ற நேரம் வேற. பசின்னு வந்தவன எந்த வாயால போன்னு சொல்றது?"

அவரால் முடியாது. என்னால் முடியும். ஆபீஸ் அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்து, சாட்பாட்டுக்கு ஒரு வரி கொடுத்தேன்: யார் எங்கே வர வேண்டும் என்று கேட்டாலும், இன்றைக்கு மட்டும் சத்தார் பாய் கம்பெனிக்கு அனுப்பு. பிறகு ஜன்னல் வழியாகக் கூவினேன்.

"வெப்சைட்ல சாட்டுல கேளுங்க, எங்க வரணும்னு சொல்லும்!"

எல்லாத் தலைகளும் போனில் குனிந்தன. அடுத்த நிமிஷமே கார்கள் திரும்பின. வேன் பின்பக்கமாக நகர்ந்தது. கேட் காலி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! சத்தார் பாயின் முகத்தை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நேரம் போனது. ஹன்னாவைக் காணோம். பாய் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். கடைசியில் போன் போட்டேன். "நான் வந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறேனே," என்றாள் அந்த அம்மா சந்தோஷமாக. "எங்கே வர வேண்டும் என்று உங்கள் சாட்டில் கேட்டேன். உடனே வழி அனுப்பியது."

செய்ததைப் பாயிடம் சொன்னேன். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைலருந்து வராத மா," என்று மட்டும் சொன்னார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் பின்னாலேயே ஓடினேன்.

சத்தார் பாய் கம்பெனி கல்யாண வீடாகி இருந்தது. வந்தவர்களை அவரும் திருப்பி அனுப்பவில்லை. பஜாரில் இருந்த பிரியாணியை எல்லாம் வாரி வந்துவிட்டார் போல. ஹைவே கூட்டத்துக்கு நடுவே ஹன்னா உட்கார்ந்து எண்ணெய்க் கத்திரிக்காயை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜையில் சத்தார் பாயின் சாம்பிள் ஷூக்கள். ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "மிஸ்டர் முனீர், அருமையான தையல்!" என்று சத்தார் பாயிடமே சொன்னாள்.

முனீர் பாய் கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள போய்ச் சொல்லுங்க பாய், நான்தான் முனீர்னு," என்றேன்.

"கூப்பிடாத வாசல்ல எப்படி மா காலை வைக்கறது? சாப்பிடற விருந்தாளிய எழுப்பறதா?"

சத்தார் பாய் எங்களைப் பார்த்துவிட்டார். அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், ஆர்டர் அவருக்கு. முனீர் பாய்க்கும் அது தெரியும்.

சத்தார் பாய் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இன்னா மச்சான், வாசல்லயே நிக்கிற? வா, உக்காரு, சாப்புடு!"

இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை. முனீர் பாய் வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. சத்தார் பாயே தட்டில் போட்டார். பிறகு ஹன்னாவிடம், "மேடம், நீங்க தேடி வந்த முனீர் இவர்தான். என் தங்கச்சி வீட்டுக்காரர். அவர் தையலையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்றார்.

அப்புறம் பார்வை என் பக்கம் திரும்பியது. "இவ்ளோ பேர என் வாசலுக்குத் திருப்பி விட்டது யாரு?"

"நான்தான் பாய்," என்றேன். பொய் சொல்லித் தப்ப இடமில்லை.

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஒரே வரியில ஊரையே தெரு மாத்தி விட்டாளே! மச்சான், ஆர்டர நீ வச்சுக்க. இந்தப் பொண்ண எனக்கு அனுப்பிடு."

முனீர் பாய் வாயில் வைக்கப் போன சோற்றைத் தட்டிலேயே போட்டார். "ஆர்டர் வேணும்னா நீ எடுத்துக்க. இவள மட்டும் கேக்காத!"

"நான்தான முதல்ல கேட்டேன்?"

"முதல்ல வச்சிருந்தது நான்!"

ஹன்னா பயந்துபோய் என் காதருகே குனிந்தாள். "எதற்குச் சண்டை? என் ஆர்டருக்கா?"

"இல்லம்மா, எனக்காக," என்றேன். "இப்பத்தான் வேலை போச்சு. அதுக்குள்ள ரெண்டா வந்துடுச்சு."